ஊரை விட்டு, மாநிலத்தை விடாமல்

2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு ஒரு விநோதமான கணக்கைச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வெளிநாடுகளில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர்; இந்தியாவின் பிற மாநிலங்களில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர்தான். சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் துணிந்து கிளம்புகிறவர், புனேவில் வேலை என்றால் இரண்டு நாள் யோசிக்கிறார். பாஸ்போர்ட், விசா, ஏஜென்ட் கமிஷன் எதுவும் தேவைப்படாத பயணத்தைவிட, அவை எல்லாம் தேவைப்படும் பயணத்தைத் தேர்ந்தவர்கள் இரண்டு மடங்கு. அந்நிய நாட்டுச் சம்பளத்துக்காக மாநிலத்தை விடலாம், அடுத்த மாநிலத்துச் சம்பளத்துக்காக விட வேண்டியதில்லை என்ற முடிவு பல லட்சம் குடும்பங்களில் தனித்தனியாக எடுக்கப்பட்டிருக்கிறது.

இது புதிய நிலைமை. சொந்த மாநிலத்தில் இருப்பதால் என்ன லாபம், என்ன நட்டம் என்று கேட்டால் அம்மா கைச் சாப்பாடு, கோயில் கொடை, தாய்மொழி, தட்பவெப்பம் என்று பலரும் பட்டியல் போடுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த மண்ணைவிட்டுப் போனவர்களுக்கும் இவை எல்லாம் இருந்தன. இருந்தும் போனார்கள். இன்று போகாமல் இருக்க முடிகிறது என்றால், இடையில் எது மாறியது என்று பார்ப்பதே பயனுள்ள விசாரணை.

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காடு பகுதிகளிலிருந்து வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்றவர்கள்; பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தவர்கள். அடிமை முறையை 1843ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் ஒழித்தது. வயலில் அதைக் கடன் சீட்டு காப்பாற்றி வைத்திருந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளைக்கும் கண்டிக்கும் ஏறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இறக்கியது. காப்பியைப் பூஞ்சை நோய் அழித்த பிறகு இலங்கை மலைகளில் தேயிலை வந்தது; கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து இன்னும் பெருங்கூட்டமாக ஆள் பிடித்துப் போனார். ஒருவர் தோட்டம் மாற வேண்டுமானால் அவர் தலைமேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும். ஒரு கடனிலிருந்து தப்பி இன்னொரு கடனுக்குள் போய் விழுந்த கதை என்று இதைச் சொல்லலாம். ஆனாலும் பண்ணையில் நெல்லாக அளக்கப்பட்ட கூலி அங்கே காசாக வந்தது. மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டச் சொல்லும் மிராசுதார் அங்கே இல்லை. வெள்ளைக்கார துரையும் கங்காணியும் கொடியவர்கள்தான். ஆனால் தாத்தா காலத்துக் கடனைச் சொல்லிப் பேரனைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

மறுமுனையில் செட்டிநாட்டு வணிகர்கள் போனார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகளின் நிலங்கள் கைமாறியதில், அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது அவர்கள் கணக்குப் புத்தகங்களோடு திரும்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காத கூலிகள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து செத்தார்கள். மிச்சமிருந்தவர்களையும் 1960களில் ரங்கூனின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி அனுப்பி வைத்தது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் முளைத்ததும், அந்தப் பக்கத் தெருக்களில் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் கிடைப்பதும் அதனால்தான்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் கதை இதைவிடச் சிக்கலானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதி வைத்தார்கள். மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர்களை அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்று அழைத்தது. அவர்களில் பலர் அட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்தவர்கள்; அவர்கள் திரும்பிப் போகத் திருச்சி மாவட்டத்தில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. இருந்தது, தாத்தா எந்தச் சேரியிலிருந்து போனார் என்ற ஞாபகம் மட்டும். அந்தச் சேரிக்குப் போனவர்களை அந்தச் சேரியின் பழைய இடத்திலேயே ஊர் நிறுத்தியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலைக்குப் போனவர்கள் பரவாயில்லை என்று சொல்லலாம். அங்கே தேயிலையாவது பழக்கமானது. ஆனால் அங்கும் அவர்கள் பெயர் ‘சிலோன்காரங்க’ என்றுதான் நின்றது. மொழி ஒன்று, மதம் ஒன்று, அரசாங்கக் காகிதம் ஒன்று. அப்படியும் அந்தச் சொந்த மாநிலத்தில் ஊர் என்று ஒன்று கிடைக்காமல் போகலாம் என்பதற்கு இவர்களைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சொந்த மாநிலம் என்று இன்று நாம் சொல்வதற்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாகக் கோடு போட்டார்கள். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீருமேடும் அந்தப் பக்கம் போயின. திருத்தணி வந்து சேர 1960 ஏப்ரல் ஆனது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லிச் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது, கோடு போடப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 13 அன்று. பெயர் வந்தது 1969 ஜனவரியில். தலைநகரில் நடந்த இந்தப் பேரங்களைப் பற்றி மூணாற்றில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். மாநிலம் அவளைவிட்டு நகர்ந்துவிட்டது.

கோலார் தங்க வயலில் நடந்ததும் இதுதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் வட ஆற்காட்டிலிருந்து ஆதி திராவிடக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில், பாறை வெடித்துச் சிதறும் அபாயத்துக்குள், நான்கு தலைமுறைகள் வேலை பார்த்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். லைன் வீடுகளின் தகரக் கூரைக்குக் கீழே புத்த விகாரையும் தொழிற்சங்கமும் படிப்பகமும் வளர்ந்தன. ஆற்காட்டுக் கிராமத்தில் கனவுகூடக் காண முடியாத அரசியல் வாழ்வு அந்தத் தூசிக்குள் சாத்தியமாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பின் அந்த மக்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்குத் ‘திரும்பவில்லை’. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு சயனைடு மண்மேடுகளுக்கு நடுவே இருக்கும் லைன் வீட்டுக்கு வந்து படுக்கிறார்கள். தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். ஆனால் அங்கே போனால் மறுபடி எந்தத் தெருவில் வீடு கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனவர்கள் இரண்டு வேறு ரகம். 1920களில் வகுப்புவாரி ஆணை வந்த பிறகு, சென்னை மாகாண அரசு வேலையில் தங்கள் இடம் குறைந்ததாகக் கருதிய பிராமணக் குடும்பங்கள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் குடியேறின. பள்ளிக்கூடம், சபா, கோயில், காப்பிக்கொட்டை வறுக்கும் கடை என்று ஒரு முழுத் தெருவையே கூடவே எடுத்துப் போனார்கள். அதே ஆண்டுகளில் நெல்லைச் சீமையிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் தாராவியின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிட்டார்கள். முதல் வகையினர் தங்கள் வெளியேற்றத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் வகையினரைப் பற்றி மற்றவர்கள்தான் எழுத வேண்டியிருந்தது. 1966இல் சிவசேனை தோன்றி ‘மதராசி’களைக் குறிவைத்தபோது அடி இரண்டு தரப்புக்கும் விழுந்தது. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் நடந்த கலவரத்தில் குடிசைகள்தான் அதிகம் எரிந்தன. வெளி மாநில வாழ்வின் ஆபத்து எப்போதும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடப்படுவதில்லை.

1986இல் வந்த நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யில் பட்டம் படித்த இளைஞன் வேலை தேடித் தேடி கடைசியில் பம்பாய் போய்ச் சேர்கிறான். இன்று அதே கதையை எழுதுகிறவர் அவனைப் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மேன்ஷனிலோ பேயிங் கெஸ்ட் விடுதியிலோ விட்டுவிடுவார். நாவலுக்கு அது நட்டமாக இருக்கலாம். அந்த இளைஞனுக்கு இல்லை.

இந்த மாற்றத்துக்குக் காரணம் தனி ஒரு தலைவரோ தனி ஒரு திட்டமோ அல்ல. காமராஜர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளியும் 1956 முதல் மதிய உணவும் வந்தன. 1971இல் தொழிற்பேட்டைகளை உருவாக்கும் சிப்காட் தொடங்கியது. வறண்ட ஓசூரில் ஆலைகள் எழுந்தன. 1972இல் தனியார் பேருந்துகளின் பெருந்தடங்களை அரசு எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகங்களை அமைத்தது. கடைசிக் கிராமத்துக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று டவுன் பஸ் போய் வந்தது. 1984க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. அவற்றின் தரத்தைப் பற்றித் தனியாக ஒரு தலையங்கம் எழுதலாம், திட்டியே எழுதலாம். ஆனாலும் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4 என்றபோது தமிழ்நாட்டில் 47 என்று வந்ததற்கு அந்தக் கல்லூரிகளும் சேர்ந்துதான் பொறுப்பு.

இவை அனைத்தும் சேர்ந்து செய்த காரியம் ஒன்றுதான்: ஊரைவிட்டுப் போகிறவருக்கு மாநிலத்துக்குள்ளேயே போக்கிடம் உண்டாக்கியது. ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க் காட்டிலிருந்து திருப்பூருக்கு, தருமபுரியிலிருந்து ஓசூருக்கு, விழுப்புரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு, தேனியிலிருந்து கோவைக்குப் போகலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். பீகாரில் 11 சதவீதம் சொச்சம். ஊரைவிட்டு ஓட வேண்டிய காரணங்கள் இரண்டு மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. ஓடினால் போய்ச் சேரும் இடம் மாநிலத்துக்குள் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

பீகாரி உழைக்கத் தெரியாதவர் என்றோ தமிழர் இயல்பிலேயே முன்னேறியவர் என்றோ சொல்வது திண்ணைப் பேச்சு. 1793இன் நிரந்தர நிலவரித் திட்டம் அங்கே ஜமீன்தார்களை ஊன்றியது. வரி வசூலிப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை, எஃகு போன்ற பொருள்கள் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஆலைக்குக் கிடைக்கும் விலை ஒன்றாகும்படி ரயில் கட்டணத்தை ஈடுகட்டினார்கள். இரும்பும் நிலக்கரியும் காலடியில் கிடந்த பீகாருக்கு அந்த அருகாமையால் எந்தப் பலனும் இல்லாமல் போயிற்று. எஃகு பம்பாயிலும் சென்னையிலும் அதே விலைக்குக் கிடைத்தால் துறைமுகத்தை விட்டு உள்நாட்டில் யார் ஆலை வைப்பார்கள்? அம்பத்தூரும் கோவையும் செழித்ததில் இந்தக் கொள்கைக்கும் பங்குண்டு. நாம் அதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. பிறகு 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது ஜாம்ஷெட்பூர், பொகாரோ, தன்பாத் எல்லாம் அந்தப் பக்கம் போயின. மிஞ்சிய பீகாரில் கங்கைக்கரை வயல்களும் ஒரு பாட்னாவும். அங்கே இளைஞர்கள் ரயில் ஏறுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சொந்த மாநிலத்தில் இருப்பதில் இன்னொரு லாபம் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி உணர்ச்சிகரமாக யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை. அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு இந்தியாவில் எங்கும் போய்க் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. ஆந்திராவில் பழங்குடிச் சான்று பெற்றிருந்த குடும்பத்தின் மகன் மும்பையில் மருத்துவ இடம் கேட்ட வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: ஒரு மாநிலத்தின் சான்று இன்னொரு மாநிலத்தில் செல்லாது. அதே சாதியின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் செல்லாது. 2018இல் இன்னொரு அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. சாதிக்கொடுமை இடத்துக்கு இடம் மாறுவது, ஆகவே நிவாரணமும் இடத்தோடு கட்டப்பட்டது என்பது நீதிமன்றத்தின் தர்க்கம்.

தர்க்கம் சரியாகக்கூட இருக்கலாம். விளைவைப் பாருங்கள். சொந்த ஊரில் நிலமும் செல்வாக்கும் உள்ளவர் வெளி மாநிலம் போனால் செல்வாக்கை இழக்கிறார். சட்டத்தின் கண்ணில் எதையும் இழப்பதில்லை. ஊரைவிட்டுப் போக எல்லாக் காரணமும் உள்ள தலித் குடும்பம் மாநில எல்லையைத் தாண்டினால் பிள்ளைகளின் கல்லூரி இடத்தையும் அரசு வேலையையும் எல்லையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். போக வேண்டிய தேவை அதிகம் உள்ளவருக்கே போவதன் செலவும் அதிகம். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால், இங்கிருந்து போகிறவர் இழப்பதும் அதற்கேற்பப் பெரிது. தமிழர்கள் வீட்டுப் பற்றால் வெளியே போவதில்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். விலையில்லா அரிசி, மகளிர் பேருந்து, அரசு மருத்துவமனையில் பிரசவம் எல்லாம் இதே கணக்கில் சேரும்.

சரி, நட்டம்? அதுவும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாநிலத்துக்குள் எந்த ஊரும் இரவுப் பேருந்துத் தொலைவுதான். மகளுக்குப் பிரசவ வலி என்றால் திருநெல்வேலியிலிருந்து அம்மா விடிவதற்குள் சென்னைக்கு வந்துவிடுகிறாள். அதே பேருந்தில் மாமனும் சித்தப்பாவும் வரலாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பட்டப்பகலில், சாதி தாண்டி மணந்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவியின் பிறந்த ஊர் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவு. காதலித்து மணந்தவர்கள் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் கிளம்புவது வேலைக்காக மட்டுமல்ல. நமது போக்குவரத்தின் பெருமை அவர்களுக்கு அச்சம்.

சாதியும் இரவுப் பேருந்து ஏறிப் போகிறது. கோவையில் வீடு பார்க்கிறவரிடம் வீட்டுக்காரர் “நீங்க எந்த ஊர் பக்கம்?” என்று கேட்பது பூகோள ஆர்வத்தால் அல்ல. ஊரைச் சொன்னால் தெரு கேட்பார். தெருவைச் சொன்னால் “வீட்ல பேசிட்டுச் சொல்றேன்” என்பார். ஒரே மொழிக்குள் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது; பேச்சின் இழுப்பு, பாட்டியின் பெயர், குலதெய்வம், ஏதாவது ஒன்று போதும். அகமதாபாத்தில் அதே மனிதர் வெறும் ‘சவுத் இண்டியன்’. அதில் அவமானமும் உண்டு, விடுதலையும் உண்டு. அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் நிறைந்த இடம் என்று அம்பேத்கர் வெறுத்த கிராமத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் அறிவார்கள். தமிழ்நாட்டின் நகரங்கள் கிராமத்திலிருந்து தப்ப இடம் கொடுத்தன. ஆனால் அவையே பெரிய கிராமங்களாக மீதமிருக்கும் அளவுக்கு அந்தத் தப்பித்தல் பாதியில் நிற்கிறது.

பெண்களுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாக வருகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் இடம் மாறியவர்கள் 45 கோடிக்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் கல்யாணம் ஆகிப் போன பெண்கள். மாநில எல்லையைத் தாண்டியவர்கள் ஐந்தரைக் கோடிக்கும் குறைவு. சொந்த ஊரில் வாழும் சுகதுக்கத்தை எடைபோட ஆணுக்குத்தான் வாய்க்கிறது. பெண்ணுக்கு அந்த எடையை வேறு யாரோ போட்டு முடித்திருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அந்த வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டில், லாக்கர், மெஸ் டோக்கன், ஷிப்டுக்கு ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்: பார்த்தால் ஒன்றும் கவர்ச்சியில்லை. அங்கே கண்காணிப்பும் உண்டு, கண்ட நேரத்தில் வெளியே போக முடியாது. ஆனால் கல்யாணம் என்ற காரணம் இல்லாமல், சம்பளம் என்ற காரணத்துக்காக, வீட்டை விட்டு இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தூங்கும் பெண்கள் இவ்வளவு பேர் இந்த மண்ணில் இதற்கு முன் இருந்ததில்லை. “வெளி மாநிலம் வேண்டாம்மா, மெட்ராஸ்னா சரி” என்று அப்பா சம்மதிக்கும் தூரம் அது. சொந்த மாநிலம் தரும் சலுகையும் அதன் வரம்பும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

அதே விடுதியின் பக்கத்து ஊர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்களும் இருக்கிறார்கள். திருப்பூரில் செக்கிங், பேக்கிங் எங்கும் இந்தி கேட்கிறது. டெல்டாவில் நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருகிறார்கள். ஓட்டல் சமையலறையில் பரோட்டா தட்டுகிறவர் அசாமியர். நம் தாத்தாக்களுக்குக் கண்டியும் ரங்கூனும் எதுவாக இருந்தனவோ, அவர்களுக்கு அதுவாகத் தமிழ்நாடு ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர்களுக்கு இங்கே குடும்ப அட்டை இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. அரசும் காவல்துறையும் மறுத்தன. அப்படியும் பலர் ஹோலிக்கு முன்னதாகவே ரயில் ஏறிவிட்டார்கள். வீடியோ பொய். நம்பியதற்குக் காரணம் பொய்யல்ல. அடிபட்டால் கேட்க இந்த ஊரில் தங்களுக்கு ஆளில்லை என்பதை அவர்கள் அறிவார்கள்.

மண்ணின் மைந்தர்களுக்கே வேலை என்ற சட்டங்கள் இப்போது மாநிலந்தோறும் எட்டிப் பார்க்கின்றன. தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்ற ஹரியானாவின் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கர்நாடகம் 2024 ஜூலையில் இதே மாதிரி ஒரு மசோதாவைக் கொண்டுவர முயன்று, எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. இங்கும் அந்தக் குரல் இருக்கிறது. மாநில அரசு வேலையில் தமிழ் தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயம். மனுவைப் படிக்கத் தெரியாதவர் தாசில்தார் நாற்காலியில் உட்கார முடியாது. பனியன் கம்பெனிக்கு அந்த நியாயத்தை நீட்ட முடியாது. தாராவியிலும் தங்க வயலிலும் யாருக்கெதிராக அந்த முழக்கம் எழுந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று உடனடியாக இருக்கிறது. திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள் இப்போது தமிழ் வழியில் படிக்கிறார்கள். தமிழில் பரீட்சை எழுதுகிறார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ரேஷன் கடைப் பலகையைப் படித்துச் சொல்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு விதிப்படி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு நேட்டிவிட்டி சான்று தேவையில்லை, அவர் தமிழ்நாட்டுக்காரர்தான். ஆனால் பெற்றோர் வேற்று மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்றால் சாதிக் கட்டத்தில் அவர் ஓசி, அதாவது பொதுப்பிரிவு. கயா மாவட்டத்துச் சேரியிலிருந்து வந்து சாயப்பட்டறையில் கை வெந்தவரின் மகள், பன்னிரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்த பிறகு, கலந்தாய்வில் சென்னையின் பெரிய பள்ளிகளில் படித்தவர்களோடு பொதுப்பிரிவில் நிற்பாள். 341ஆம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும், அதற்குக் காலம் ஆகும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று தமிழ்நாடு ஏற்கெனவே தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி சாதி அல்ல, பள்ளிதான். அந்த இடங்களை வகுப்புவாரியாக நிரப்பும்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அதற்குள் ஒரு வழி வைப்பதற்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அரசாணையில் தொடங்கலாம். வரும் கல்வியாண்டுக்கான கலந்தாய்வுக் கையேடு அச்சுக்குப் போகும் முன்பே தொடங்கலாம்.